அம்மாவுக்கு விட்ட இடம்

போன் படத்தில் மகள் குட்டியின் தோளில் சட்டை கசங்கியிருந்தது. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளியிருப்பார்கள். அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் மெஷின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவள். பையின் வார் அழுத்தினால் துணி எப்படிக் கசங்கும், சாய்ந்து உட்கார்ந்தால் எப்படி, அவசரமாக மடித்தால் எப்படி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இது அதெல்லாம் இல்லை. தோளின் முன்பக்கம் வரிசையாக நான்கு பள்ளங்கள், முதுகுப் பக்கம் துணி இழுபட்டு ஒரு சுருக்கம். பக்கத்தில் நிற்கிற ஒருவர் பாசமாகத் தோளில் கை போட்டால் வருகிற கசங்கல் அது.

ஆனால் குட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அங்கே இருந்தது அம்மாவுக்கு விட்ட இடம்.

அந்த இடம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். அவள் கணவர் ஒரு அச்சுக்கடையில் டிசைனர். கிழிந்த படத்தைச் சேர்ப்பது, வராத மாமாவைக் கல்யாணக் கும்பலில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமாக இருக்கும். பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள், "நீ எடு. உனக்கு இடம் விட்டு நிக்கறோம். அப்புறம் உன்னைக் கொண்டாந்து ஒட்டிடறேன்" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அதற்குப் பிறகு குட்டி பிறந்து, நடந்து, பேசக் கற்றுக்கொண்டு, யாராவது போனைத் தூக்கினாலே "அம்மாக்கு இடம்!" என்று கத்திக்கொண்டு ஓரடி தள்ளி நிற்கிற அளவுக்கு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஊரார் வீட்டுப் படத்துக்கெல்லாம் ஒட்டுவேலை பார்க்கிற மனிதருக்கு, சொந்த வீட்டுப் படத்தில் கை வைக்க மட்டும் இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. அவள் முதலில் கேட்டாள், பிறகு கோபித்தாள், பிறகு அந்த இடம் மரத்துப் போய்விட்டது.

சமையலறை மேடையில் சாய்ந்தபடி அவள் படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். குக்கர் விசில் அடித்து ஓய்ந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

பூங்காவில் எடுத்த படத்தில் குட்டி பக்கவாட்டில் சாய்ந்து நின்றாள், எதிலும் சாயாமல் அப்படி நின்றால் கீழே விழுந்துவிடுகிற அளவுக்கு. அவள் தலைமுடி ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. அதற்கு முந்தைய படத்தில் கணவரின் முழங்கை உடம்பிலிருந்து விலகி, யாரோ கை கோத்துக்கொள்ள வாகாக வளைந்திருந்தது. அதற்கும் முன்னால், போன விடுமுறையில் கடற்கரை. ஈரமணலில் மூன்று பேர் வெறுங்காலோடு சிரிக்கிறார்கள். நடுவில் யாருமில்லாத இடத்தில் இரண்டு பாதங்களின் தடம், கால்விரல்கள் கேமராவைப் பார்த்தபடி. அதற்கு முன்னால் எடுத்தவற்றில் ஒன்றும் இல்லை. வெறும் இடம்தான்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? லைட் கொஞ்சம் கம்மி."

"நடுவுல பாருங்க."

"அதான் உனக்கு இடம் விட்டிருக்கோமே. ஒட்டிடலாம், ஒட்டிடலாம்."

கடையில் பில் போடுகிற அக்கா வாயைத் திறந்தால் மூடமாட்டார், ஆனால் மனசு தங்கம். மறுநாள் மதியம் சாப்பிடும்போது அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம் உடைந்திருந்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"கையாடி இது? கண்ணாடி பாத்து எத்தன நாளாச்சு உனக்கு?"

"பல் தேய்க்கும்போது பாப்பேன்க்கா."

"நல்லா பாத்தே போ. சரி, நீ இருக்கற படம் ஒண்ணு காட்டு."

அவள் போனை எடுத்தாள். தேடினாள். அக்கா தன் டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போனப்ப மாட்டறதுக்கு ஒரு படம் கெடைக்கலடி" என்றார் அக்கா. அவர் குரல் இறங்கிவிட்டது. "கடைசில அடையாள அட்டைல இருந்ததைத்தான் பெருசு பண்ணி மாட்டினோம். இன்னிக்கும் நான் கூடத்துல நடந்தா அந்த அம்மா மொறைக்கறாங்க. சொல்றதைக் கேளு. தெனம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கோ. உனக்குன்னு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நீ போய் அந்தப் படத்துல நில்லு. நீயா போய் நிக்கணும், யாரும் கூப்பிடமாட்டாங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் வெந்நீரோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காலை நீரில் விட்டாள். கைக்குப் பூசுகிற கிரீம் வாங்கி வந்திருந்தாள், அதன் மல்லிகை வாசனை அறை முழுக்கப் பரவியது. முதல் நாள் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஸ்கேல் எங்க, அம்மா அவன் அடிக்கறான், ஏய் கேஸ் தீந்துடுச்சா என்ன. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் யாரும் தட்டவில்லை.

"அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று பெரியவன் கூடத்திலிருந்து கத்தினான்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"அலமாரி கீழ்த்தட்டுல பாரு கண்ணா" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

அவள் குரல்தான். ஆனால் அதில் அவசரம் இல்லை, சலிப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் குரல்.

கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளுக்கு முதலில் வந்தது 'அப்பாடா' என்கிற ஒரு மூச்சு. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். வெந்நீர் ஆறி, பச்சைத் தண்ணீராகி, கால்விரல்கள் வெளுத்துச் சுருங்கும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது, குட்டி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள், கணவர் என்னவோ கேட்க, தன் குரல் தாழ்வாக என்னவோ சொல்ல, அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவள் மந்தமாக நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. கூடத்தில் மல்லிகை வாசனை அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனாலென்ன, என்றைக்குப் பார்த்தார்கள்?

அரை மணி ஒரு மணியாயிற்று. பிறகு அவள் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். நகங்களை வெட்டினாள். முடியைச் சீவினாள். சுவரையும் பார்த்தாள், சும்மா. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை மாலை வெளியே வந்தபோது குட்டி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் முடி இரட்டைப் பின்னலாக, ஒரு பிசிறு இல்லாமல், நுனியில் சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தது. அம்மாவுக்கு இரட்டைப் பின்னல் போட வராது. நேரமும் கிடையாது. ஒற்றைப் பின்னல், ஒரு ரப்பர் பேண்ட், ஓடு பள்ளிக்கூடத்துக்கு.

"யாருடி பின்னிவிட்டது?"

குட்டி வரைவதை நிறுத்தவில்லை.

"குட்டி. உன்னைத்தான் கேக்கறேன்."

குழந்தை தலையைத் தூக்கினாள். பார்வை அம்மாவின் முகத்தில் பட்டு, நிற்காமல், சமையலறைப் பக்கம் போயிற்று. "நீதானேம்மா" என்றாள் அந்தப் பக்கம் பார்த்து.

இத்தனை நாள் மரத்துக் கிடந்த இடத்தில் அப்போதுதான் வலி எடுத்தது. என் பிள்ளை. அவள் தலையில் இன்னொரு கை. அந்த இடம் முழுசாக நிரம்புவதற்குள் நானே போய் அதில் நின்றுவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிற நேரம். அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பொட்டு வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, துணியால் துடைத்தாள், அப்படியேதான் இருந்தது. கூடத்துக்கு வந்து கையைத் தட்டினாள்.

"எல்லாரும் வாங்க. போட்டோ எடுக்கலாம். இன்னிக்கு நானும் நிக்கப் போறேன்."

யார் காதில் விழுந்ததோ, மூவரும் எழுந்து வந்தார்கள். மாடிப்படிக்கு எதிரே இருக்கிற வெள்ளைச் சுவர்தான் எப்போதும் இடம். கணவர், குட்டி, அவளுக்கு அந்தப் பக்கம் பெரியவன். "அம்மாக்கு இடம்!" என்று கத்திக்கொண்டு குட்டி ஓரடி தள்ளி நின்றாள். கணவருக்கும் குட்டிக்கும் நடுவே வெள்ளைச் சுவர் தெரிந்தது.

போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தாள். டைமரை அழுத்தினாள். அது டிக், டிக் என்று எண்ணத் தொடங்கியது.

நடந்தாள். அந்த இடத்துக்குள் காலை வைத்தாள்.

தரை சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் நின்ற சூடு.

டிக்.

மல்லிகை வாசனை. அவள் இன்று கிரீம் பூசவில்லை.

டிக். டிக்.

உடம்பை உள்ளே நுழைத்தாள். தோள் எதிலோ இடித்தது. மெத்தென்று. நெரிசல் பஸ்ஸில் நகரமாட்டேன் என்று நிற்கிற ஆள் மாதிரி. தள்ளினாள். அது அசையவில்லை. மூச்சு விட்டது. அவள் கன்னத்தில் பட்டது.

"குட்டி" என்றாள். "குட்டி, நகரு. நான் நிக்கணும்."

குட்டி அண்ணாந்து பார்த்தாள். அவளை இல்லை. அவளுக்கு ஒரு சாண் பக்கத்தில், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில். பார்த்துச் சிரித்தாள்.

டிக்.

பளிச்.

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இங்கே எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. கை தானாகப் போனை எடுத்தது.

படம் அழகாக வந்திருந்தது. கணவர். குட்டி. பெரியவன். நடுவே நீலப் புடவையில் ஒருத்தி. அவள் முகம்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. குட்டியின் தோளில் கிடந்த கைவிரல்களில் ஊசி குத்திய தழும்பு ஒன்றுகூட இல்லை. படத்தில் வேறு யாருமே இல்லை, ஓரத்தில் ஒரு நிழல்கூட.

"பாத்தியா" என்றார் கணவர். "ஒட்டவே வேணாம் போல. நேராவே வந்துட்டே."

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கவாட்டில் திரும்பிச் சொன்னார்.

அவள் போனிலிருந்து கண்ணை உயர்த்தினாள்.

வெள்ளைச் சுவர் தெரியவில்லை. நால்வர் நின்றிருந்தார்கள்.

"அம்மா" என்று பெரியவன் அந்த நீலப் புடவையை இழுத்தான். "அங்க யாராவது நிக்கறாங்களா?"

"யாரும் இல்லடா கண்ணா. டைமர்தான்" என்று சுவர்ப் பக்கமிருந்து அவள் குரலே சொன்னது.

"நான் இங்க இருக்கேன்" என்று அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். "என்னங்க! குட்டி, இங்க பாருடி! நான்டி!" போனில் டைமர் டிக், டிக் என்று அடுத்த படத்துக்கு எண்ணத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது போலும். மூவரும் அவசரமாக முடியைச் சரிசெய்துகொண்டு, போன் இருக்கிற உயரத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

அந்த நாலாவது ஆள் மட்டும் போனைப் பார்க்கவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நீங்க நல்லா எடுக்கறீங்க" என்றாள் அந்தப் பெண், மெல்ல, மரியாதையாக. "அப்படியே பிடிங்க."

கை பிடித்தது. பழகின கை. விரல் பொத்தானின் மேல் போயிற்று.

திரையில் அந்தப் பெண் கணவரின் முழங்கைக்குள் கையைக் கோத்துக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். நடுவில் ஊசி நுழைய இடமில்லை.

குட்டியின் தோளில் நான்கு விரல்கள் அழுந்தின. சட்டை கசங்கியது.