கதவைச் சாத்தச் சொன்னவள்

விடுதி வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளில் சிலந்தி வலை கட்டியிருந்தது. தன் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஷோபனா அதைக் கவனித்தாள். பல நாளாக யாரும் காலில் மாட்டாத செருப்புகள்.

வெளிநாட்டுத் துணிக் கம்பெனிக்காக நூற்பாலைகளைச் சோதித்து, இங்கே யாரும் அடைபட்டு வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இன்று அதற்கு மேலும் ஒன்று இருந்தது. வழி கேட்க வல்லம் கிராமத்தில் டிரைவர் காரை நிறுத்தியபோது, ரஞ்சிதம் என்றொரு பெண் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு கலைமதி அந்த மில்லுலதாம்மா இருக்குது. பொங்கலுக்குக்கூட வுடல. வரேன்னு ஒரு வார்த்த சொல்லிச்சுன்னா இட்டுக்கினு வந்துடும்மா." ஷோபனா சரி என்று சொல்லியிருந்தாள்.

"இன்னா மேடம், டென்ஷனா கீறீங்க?" மேனேஜர் செல்லப்பன் சிரித்தார். "ஹாஸ்டலுன்னாலே ஜெயிலுன்னு நெனச்சிக்கிறீங்க."

"நான் தனியாப் பேசணும் சார். கதவச் சாத்திட்டு நீங்க தள்ளிப் போயிடுங்க."

எல்லா ஆலையிலும் அவள் சொல்வதுதான். மேலாளர் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

கதவு சாத்தப்பட்டது.

விடுதிக்குப் பின்னால் இருந்த பாறைக் குன்று பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலத்தில் மெல்லத் திருப்பிக் கொடுக்க, ஈரப் பஞ்சும் தேங்காயெண்ணெயும் துவைக்காத போர்வையும் கலந்த வாடை அந்த நீண்ட அறையில் தேங்கியிருக்க, சுவருக்கு அப்பால் ஓடும் இயந்திரங்களின் ரீங்காரம் அவள் பல்லுக்குள் இறங்கியது. பாய்களில் பெண்கள் முதுகு காட்டிப் படுத்திருந்தார்கள்.

"கலைமதி யாரும்மா?"

ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். திரும்பவில்லை. அவள் பின்னலில் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"உங்க அம்மா சொல்லி அனுப்புனாங்க. எங்கூட வரியா? கார் நிக்குது."

"வரேன்க்கா."

ஷோபனாவுக்கு மூச்சு வந்தது.

"வரேன்க்கா," என்றாள் அடுத்த பாயில் இருந்தவள். அதே குரல்.

"வரேன்க்கா."

"வரேன்க்கா."

அறையின் கடைசி இருட்டு வரை. ஒவ்வொருத்தியாக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை.

ஷோபனா கதவுக்கு ஓடினாள். உட்புறம் பிடி இல்லை. தாழ்ப்பாள் இல்லை. வழவழவென்று தகரம். தட்டினாள். கத்தினாள். யாரும் வரவில்லை. தள்ளிப் போகச் சொன்னவள் அவள்தான்.

வெளியே கார்க் கதவு திறக்கும் சத்தம்.

ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினாள்.

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?" செல்லப்பன்.

"ஒண்ணுமில்ல சார். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

ஷோபனாவின் குரல். அவளுடைய குரலேதான்.

"சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டபடி டிரைவர் ராஜாராம் வண்டியை எடுத்தார். கார் ஜன்னலை ஒட்டி வந்தது. பின்சீட்டில் அவளுடைய சுடிதார். அவளுடைய முகம். பின்னலில் மட்டும் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருந்தது.

ஷோபனா கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

அந்த முகம் திரும்பியது. நீட்டிய கையைப் பார்த்தது. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் பார்த்துவிட்டு, முன்னால் திரும்பிக்கொண்டது.