எமல்டா அத்தை மடித்த ஓலை

பூதலூருக்கு அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன ஊர். சம்பா அறுவடை முடிந்து, வயலெங்கும் உளுந்து இரண்டு இலை விட்டிருந்த மாசி மாதம். விபூதிப் புதனுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும், மாதா கோயில் உபதேசியார் ஒரு பெரிய கட்டைப்பையை ஜோவிட்டாவின் கையில் கொடுத்தார்.

“மாதா தெரு உன் பொறுப்பு. இருபத்தஞ்சு வீடு. ஒரு வீட்டையும் விட்டுடாத. இருட்டுறதுக்குள்ள வந்துடணும்.”

போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து, பவனியில் பிடித்துக்கொண்டு நடந்த ஓலைச் சிலுவைகளை ஒவ்வொரு வீட்டிலும் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். தவக்காலம் தொடங்கும்போது அவற்றையெல்லாம் சேர்த்துக் கோயில் வாசலில் எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் பூசையில் எல்லோருடைய நெற்றியிலும் ஃபாதர் பூசுவார்.

ஜோவிட்டாவின் தம்பி ஆல்வினும் கூடவே ஓடி வந்தான். இரண்டாம் வகுப்பு.

“அக்கா, தவக்காலத்துக்கு நீ எதை விடப்போற?”

“ஐஸ். நீ?”

“கணக்கு.”

“பிடிச்சதைத்தான்டா விடணும். பிடிக்காததை இல்ல!”

“அப்படின்னா நான் யோசிக்கணும்” என்றான் ஆல்வின்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஓலையோடு முறுக்கும் கிடைத்தது. இன்னொரு வீட்டில் ஓலையை எலி கடித்திருந்தது. இருபத்து நான்கு வீடு முடிந்து, கடைசி வீட்டுக்கு வந்ததும் ஜோவிட்டாவின் நடை தானாகவே மெதுவானது. அது எமல்டா அத்தையின் வீடு.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று விடியற்காலையிலேயே கோயில் வேப்பமரத்தடியில் எமல்டா அத்தை உட்கார்ந்துவிட்டார். முன்னால் குருத்தோலைக் குவியல். சுற்றிலும் பிள்ளைகள். “எனக்கு, எனக்கு” என்று ஒரே கூச்சல். “எனக்கு ரெண்டு கைதான்டா இருக்கு, பத்தா இருக்கு?” என்று அத்தை அதட்டுவார். ஆனால் விரல்கள் மட்டும் நிற்காது. சிலுவை மடிப்பார். கேட்டால் கிளி மடிப்பார், மோதிரம் மடிப்பார். ஆல்வினுக்கு ஓலையிலேயே ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டார். “மணி என்ன?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அவனைக் கேட்டார்கள். அவனும் எல்லோருக்கும் “எட்டு” என்றே சொன்னான்.

ஆகஸ்ட் மாதம் உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன அத்தை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அத்தையின் கணவர் சந்தியாகு மாமா கோயில் பக்கமே வருவதில்லை. டிராக்டர் ஓட்டப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார்.

“மாமா!” என்று கூப்பிட்டாள் ஜோவிட்டா.

சந்தியாகு மாமா கதவைத் திறந்தார். பையைப் பார்த்ததுமே முகம் மாறியது.

“எங்க வீட்ல இல்ல பாப்பா.”

“அதோ இருக்கே மாமா!” ஆல்வின் உள்ளே கையை நீட்டினான். இருதய ஆண்டவர் படத்தின் மேல் அந்தச் சிலுவை பழுப்பேறித் தெரிந்தது. அதன் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வால் தொங்கியது. மற்றவர்கள் மடித்தால் அந்த மிச்ச ஓலையை வெட்டிவிடுவார்கள். அத்தை வெட்டமாட்டார். “புடிச்சுட்டு நடக்க வேணாமா?” என்பார்.

மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை. “அது குடுக்கிறதுக்கு இல்லப்பா. போய்ட்டு வாங்க.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

தெருமுனை மதகில் இருவரும் உட்கார்ந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நடுவில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

“உபதேசியார்கிட்ட சொல்லிடலாம்க்கா. மாமா பொய் சொன்னாரு.”

“சொல்லக்கூடாது.”

“ஏன்?”

உபதேசியார் போய்க் கேட்டால் மாமா ஒருவேளை கொடுத்துவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு இன்னும் கெட்டியாகக் கதவைச் சாத்திக்கொள்வார். இதை யோசித்துக்கொண்டே ஜோவிட்டா சும்மா பைக்குள் கையை விட்டாள். கையில் ஒரு வால் வந்தது. அவர்கள் வீட்டுச் சிலுவை! காலையில் அம்மா எடுத்து வைத்தது.

இன்னொன்றை இழுத்தாள். அதற்கும் வால். அடுத்ததற்கும் வால்.

ஜோவிட்டா சட்டென்று எழுந்தாள். “வாடா!”

இந்த முறை கதவைத் திறந்த மாமா கோபமாகத்தான் இருந்தார். “அதான் சொன்னேன்ல பாப்பா?”

“கேக்க வரல மாமா. காட்ட வந்தோம்.”

பையை வாசலில் கவிழ்த்தாள். காய்ந்த ஓலைகள் சரசரவென்று கொட்டின. ஒவ்வொரு வாலாகப் பிடித்துத் தனியே அடுக்கினாள். மாமா நிலைப்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“எல்லாம் அத்தை மடிச்சது மாமா. எண்ணிப் பாருங்க. பத்தொம்போது.”

மாமா ஒன்றைக் கையில் எடுத்தார். மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“இவ்வளவா மடிச்சா?”

“எனக்கு வாட்ச் கூடக் கட்டுனாங்க” என்றான் ஆல்வின். “அது ஓடல.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“நாளைக்கு எல்லாரு நெத்தியிலயும் அத்தை மடிச்ச ஓலைதான் இருக்கும்” என்றாள் ஜோவிட்டா. “உங்க சிலுவை உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. அந்த வாலை மட்டும் தர்றீங்களா? அது போதும்.”

மாமா கையிலிருந்த சிலுவையைத் திரும்ப அடுக்கில் வைத்தார். பிறகு உள்ளே போனார். ஜோவிட்டா ஓலைகளைப் பைக்குள் அள்ளிப் போடும்போது, கத்தரிக்கோல் தேடும் சத்தம் கேட்டது. ஒரு சாண் ஓலையோடு வந்து, அதைத் தானே பைக்குள் போட்டார்.

கோயில் வாசலில் உபதேசியார் பையை எட்டிப் பார்த்தார். “இருபத்தஞ்சுமா?”

“இருபத்து நாலே கால் சார்” என்றான் ஆல்வின். ஜோவிட்டா நடந்ததைச் சொன்னாள். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “போதும்மா, போதும்” என்றார்.

மறுநாள் சாயங்காலப் பூசை. சாம்பல் பூச எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஜோவிட்டா திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். அம்மா இரண்டு முறை தொடையில் கிள்ளினார். வரிசையின் கடைசி ஆள் நகரும்போது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சந்தியாகு மாமா உள்ளே வந்தார்.

நெற்றியில் சாம்பலோடு திரும்பியவர் தன் இடத்துக்குப் போகவில்லை. தூண் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கிழவர்கள், குழந்தைகள், பால்காரர், பஞ்சாயத்துத் தலைவர். எல்லா நெற்றியிலும் அதே கறுப்பு.

பூசை முடிந்ததும் அவரே ஜோவிட்டாவிடம் வந்தார். “குருத்தோலை ஞாயித்துக்கு நம்ம மரத்துலேர்ந்து ஓலை வெட்டித் தர்றேன். உனக்கு மடிக்க வருமா?”

“சிலுவை வரும் மாமா. கிளி வராது.”

“வாட்ச்?” என்றான் ஆல்வின்.

“கத்துக்குவோம்டா” என்றார் மாமா.

அன்று வீட்டுக்குப் போய் முகம் கழுவியபோது, ஜோவிட்டா நெற்றியை மட்டும் விட்டுவிட்டாள்.