ஐந்து மணி பஸ்ஸில் போன விமர்சனம்

மூன்றாவது பாட்டின் நடுவில் விஸ்வேஸ்வரன் இருமினான். கையால் வாயை மூடிக்கொண்டு, இரண்டு தடவை. நீலா அதைச் சாயங்காலமே எழுதி அனுப்பியிருந்தாள்.

தற்செயல்தான் என்று நினைத்துக்கொண்டாள். குற்றாலத்துச் சாரலில் நாலு நாள் கூடாரத்தில் கிடந்தால் யாருக்கும் தொண்டை கட்டும். நனைந்த தார்ப்பாயின் வாடையும், அருவியில் குளித்தவர்களின் தலையிலிருந்து இன்னும் போகாத எண்ணெய் மணமும் பந்தலுக்குள் கலந்து நின்றன. வெளியே தோப்பிருட்டில் கூடாரங்கள் காற்றுக்கு உப்பி அடங்கின. எல்லாவற்றுக்கும் பின்னால், இசை விழாவுக்கு வந்த யாருக்கும் இப்போது காதில் உறைக்காத அருவியின் இரைச்சல்.

கச்சேரிக்கு முன்னாலேயே விமர்சனத்தை எழுதிவிடும் வழக்கத்தை முதல் நாளே அவளுக்குச் சொன்னவன் தளவாய், தென்காசி நிருபர். "அஞ்சு மணி பஸ்ஸுல கவர் போனாத்தான் காலைப் பேப்பருல வரும்க்கா. பாடுனாரு, தட்டுனாங்க. வேற என்ன நடந்திரப் போவுது?"

மூன்று நாள் அப்படித்தான் எழுதினாள். இன்று மட்டும் பேனா வேறு மாதிரி ஓடியது. விஸ்வேஸ்வரன் அவளைப் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பத்திரிகையும் அடித்த பிறகு, சங்கீதத்துக்குக் கல்யாணம் இடைஞ்சல் என்று ஒரு கார்டு போட்டவன். அடுத்த தை மாதமே ஒரு சபாக் காரியதரிசியின் மகளைக் கட்டிக்கொண்டான். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க அவளுக்கு மனமில்லை. கேட்காமலே எழுதினாள்.

'மூன்றாவது பாட்டில் இருமல். நான்காவதில் குரலே போயிற்று. சும்மா காலாற நடக்கப் போவதுபோல் ரசிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் கேட்க ஒருவரும் மிஞ்சவில்லை.'

கவரை அவளே ஒட்டினாள். தளவாய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

நான்காவது பாட்டு. விஸ்வேஸ்வரன் வாயைத் திறந்தான். தம்புரா ஒலித்தது. மிருதங்கம் ஒலித்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது, கை தாளம் போட்டது. குரல் மட்டும் வரவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை, சிரிக்கவில்லை.

தளவாய் கடலைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க போற?"

"சும்மா காலாற நடந்துட்டு வாரேன்க்கா."

அவன் கூடாரங்கள் பக்கம் போகவில்லை. அருவிப் பக்கம் போனான். பந்தல் வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அருவியின் இரைச்சல் சட்டென்று நின்றது. அரை மூச்சு நேரம். தொண்டை எதையோ விழுங்கும்போது நிற்குமே, அப்படி. பிறகு பழையபடி இரைந்தது.

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் மிருதங்கக்காரர். ஒவ்வொரு தடவையும் அந்த அரை மூச்சு.

முன்வரிசையில் விஸ்வேஸ்வரனின் மனைவி அகிலாண்டேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தட்டி எழுப்பினாள். நீலா ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். பட்டுப்புடவைக்குள் கை ஈரமாக, ஐஸாக இருந்தது.

"போகாதீங்க. குழந்தையையாவது விட்டுட்டுப் போங்க."

"சும்மா காலாற நடந்துட்டு வரேன்," என்றாள் அவள். குழந்தையும் அதையே சொன்னது.

பிடி நழுவியது. இரண்டு தடவை அருவி நின்றது. இரண்டாவது, சின்னது.

பந்தலில் நாற்காலிகள். வாசல் நிறையச் செருப்புகள். மேடையில் அவன் மட்டும், வாய் திறந்தபடி. அவன் கண்கள் அவளையே பார்த்தன. அவற்றில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

நீலாவுக்குப் புரிந்தது. அவள் ஒருத்தி மிஞ்சியிருக்கிறாள். அவள் உட்கார்ந்து கேட்கும்வரை அந்தக் கடைசி வரி பொய். கேட்க வேண்டும். இவனை. விடியும்வரை ஆனாலும். பந்தல் மூங்கிலை இரு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள்.

"கேக்கறேன்," என்றாள். "பாடு."

அவன் பாடினான். குரல் திரும்பியிருந்தது. அன்று பெண் பார்க்க வந்த கூடத்தில் பாடிய அதே குரல். அதைவிட நல்ல குரல். அவளுக்கு அழுகை வந்தது.

பாட்டு தூரத்தில் கேட்டது.

ஏன் இவ்வளவு தூரத்தில்?

கண்ணைத் திறந்தாள். வெறுங்காலுக்கடியில் பாறை வழுக்கியது. முகத்தில் தண்ணீர் அறைந்தது. எதிரே, கொட்டும் வெள்ளத்துக்குள், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் இரு கையாலும் பற்றியிருந்தது மூங்கில் இல்லை. சின்ன, ஈரமான கை. அது அவளை இழுத்தது.