தலை குனிந்து கேட்கும் அப்பா

அப்பாவுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிவிட்டது. அவர் வேலை பார்த்த சாக்ஸ் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அம்மா பாத்திரத்தைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் கீழே வைக்கிறாள்.

அப்பா மெக்கானிக். சாக்ஸ் பின்னும் மெஷின் மக்கர் பண்ணினால், பக்கத்தில் நின்று தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா? மனிதர்கள் பேசினாலும் அவர் அப்படியேதான் கேட்பார். நேர்காணலுக்குப் போன இடங்களில், இந்த ஆள் தூங்குகிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. மூன்று இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தலை குனிவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவள் அவருடைய மகள் பொடிசு. வயது பத்து. பார்த்தால் ஏழுக்கு மேல் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

நேற்று சாயங்காலம் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான்தான் மேனேஜர். என் கண்ணைப் பார்த்துப் பேசுங்கப்பா."

அப்பா பார்த்தார். இமைக்காமல் பார்த்தார்.

"அய்யோ! முழுங்கிடற மாதிரி பார்க்காதீங்க!"

அப்பா பெருமூச்சு விட்டார். "எனக்கு இது வராதும்மா."

இன்று நாலாவது இடம், ஒரு பனியன் கம்பெனி. இதுவும் இல்லையென்றால் அப்பா வேலை தேடித் தனியாக வெளியூருக்குப் போய்விடுவார். அம்மா பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைப் பார்க்கவே பொடிசுக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அவளும் அப்பாவோடு வந்திருந்தாள். இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். எதிர்க் கதவு திறக்கும்போதெல்லாம் மெஷின் சத்தம் காதைப் பிய்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு மெஷின் மட்டும் சுத்துக்கு ஒரு தட்டு தட்டுது. ஊசி வளைஞ்சிருக்கும். துணி ஓட்டையா விழும்," என்றார்.

"உள்ள போனதும் இதைச் சொல்லுங்கப்பா!"

"கேட்டாத்தானே சொல்றது?"

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியே பொடிசு பார்த்தாள். மேனேஜர் ஒரு பெண். அவர் ஏதோ கேட்டார். அப்பாவின் தலை குனிந்தது. மறுபடி கேட்டார். தலை இன்னும் குனிந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடினார்.

பொடிசு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

"மேடம், எங்கப்பா தூங்கல. ரொம்பக் கவனமா கேட்டா அவருக்குத் தலை குனிஞ்சிடும். உங்க மெஷினையும் இப்படித்தான் கேட்டார். ஒண்ணுல ஊசி வளைஞ்சிருக்காம்!"

"உன்னை யாரு உள்ள விட்டது?" என்றார் மேனேஜர் கோபமாக. ஆனால் மறு நிமிடம் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஊசியா? காலையில இருந்து துணி ஓட்டையா வருது. ஒருத்தருக்கும் பிடிபடல."

மெஷின் கூடத்துக்குள் நுழைந்ததும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். தோள் நிமிர்ந்தது. நேராகக் கோடியில் இருந்த மெஷினிடம் போனார். "நிறுத்துங்க," என்றார். இவர் யார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல், மெஷினை ஓட்டியவர் நிறுத்திவிட்டார்.

அப்பா ஒரு ஊசியை உருவினார். அதன் நுனியில் இருந்த கொக்கி வளைந்திருந்தது. அதை மேனேஜரின் உள்ளங்கையில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்து, "இதுதான் மேடம்," என்றார்.

மேனேஜர் ஊசியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை வந்துடுங்க. ஒரு மாசம் பார்ப்போம்."

பஸ் நிறுத்தத்தில் தூறல் போட்டது. ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அப்பா பொடிசின் கையை விடவில்லை.

"அவ்வளவு தைரியமா நின்னு பேசினியே, உனக்குப் பயமா இல்லையா?"

"காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுச்சுப்பா. நல்லவேளை, மேஜை மறைச்சிடுச்சு!"

நாலு மாதத்துக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.