புதுத் தப்புக்குக் கைதட்டல்

வெயில் ஏறுவதற்குள் அடுக்குமாடிக் கோபுரம் முழுவதும் கீழே இறங்கிவிட வேண்டும். மேட்டுக்குடியிருப்பில் அது யாரும் சொல்லித் தெரிய வேண்டாத சட்டம். கடல் ஊருக்குள் புகுந்தபிறகு கரையோரத்துச் சனங்களை அள்ளிக்கொண்டுவந்து செங்கல்பட்டுக்கு அப்பால் அடுக்கி வைத்தார்கள். வீடுகளுக்குச் சுவர் கொடுத்தார்கள், ஜன்னல் கொடுத்தார்கள், காற்றை மட்டும் மறந்துவிட்டார்கள். மேல்மாடியில் ஒரு பிள்ளையை மதியம்வரை விட்டுவைத்தால் சுருண்டு விழுந்துவிடும். அதனால் தரைத்தளத்தின் குளிர்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் தாய் தகப்பன்மார் வேலைக்குப் போவார்கள்.

கஸ்தூரியும் தன் மகள் தேன்மலரைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்குவாள். கூடத்தின் கதவு திறந்ததும் தேனு கையை உதறிவிட்டு ஓடுவாள். அவளுடைய நண்டும் எதிரே ஓடிவரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நண்டு. உள்ளங்கை அகலத்தில் சிவப்பு ரப்பர் உடம்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நோக்கிகள், வயிற்றுக்குள் ஒரு கற்றல்பொறி. தரையில் விரித்த எழுத்துப்பாயில் பக்கவாட்டில் ஓடி, எழுத்துக் கட்டைகளைக் கொடுக்கால் பொறுக்கி வரிசையாக வைக்கும். ஒரு சொல் பிறக்கும். பிள்ளை அதைப் படித்துச் சொல்ல வேண்டும். சொன்னது பிடித்திருந்தால் நண்டு இரண்டு கொடுக்கையும் தட்டித் தட்டி ஒரு சுற்றுச் சுற்றும். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். விளையாட்டோடு விளையாட்டாக எழுத்தும் வந்துவிடும் என்று பார்த்த பெற்றோர் எல்லாரும் நம்பினார்கள். கஸ்தூரியும் நம்பினாள்.

சித்திரை பிறந்தால் தேனுவுக்கு ஆறு வயது. ஆறு வயதில் நுழைவு வாசிப்பு. ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டும் பிள்ளைக்கு ஆசிரியர் பள்ளி கிடைக்கும். அங்கே மனிதர்கள் பாடம் நடத்துவார்கள். படிக்கத் திணறும் பிள்ளைக்குச் செவிப்பள்ளி. அங்கே காதில் ஒரு செவிமணியைச் செருகிவிடுவார்கள். அது சொல்வதைக் கேட்க வேண்டும், அது சொன்னதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் படிப்பு. கஸ்தூரி வேலை பார்க்கும் சூரியப்பலகை வயலில் செவிப்பள்ளி முடித்தவர்கள் நிறையப் பேர். தங்கமான பிள்ளைகள். துடை என்றால் துடைப்பார்கள், நில் என்றால் நிற்பார்கள். செவிமணி பழுதான ஒருநாள், அவர்களில் ஒருத்தி ‘மின்சாரம், தொடாதே’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்த பெட்டியைத் திறந்துவிட்டாள். வெந்துபோன அந்தக் கையில் ஈரத்துணி சுற்றியது கஸ்தூரிதான். தன் மகளைச் செவிப்பள்ளிக்கு விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

மாசி மாதத்து விடுமுறை நாள் ஒன்றில் மகளைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த புழுதியில் விரலால் ‘அம்மா’ என்று எழுதினாள்.

“இது இன்னாடி?”

தேனு எழுத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “தவளை” என்றாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“எண்ணெய்ச் சட்டி.”

சொல்லிவிட்டுக் கஸ்தூரியின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு. கஸ்தூரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வருஷக்கணக்காக நண்டோடு உட்கார்ந்து எழுந்த பிள்ளைக்கு அம்மா என்ற எழுத்துகூடவா தெரியாது? முதுகில் ஒன்று வைத்தாள். தேனு உடனே அழவில்லை. திகைத்துப்போய்க் கேட்டாள்.

“ஏம்மா கை தட்டல? ரெண்டுமே புதுசுதான?”

மறுநாள் காலை மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, கஸ்தூரி நேராகக் கூடத்தின் இணைப்பாளர் பிரசன்னாவின் அறைக்குப் போனாள். நண்டுகளைக் கொடுத்த கம்பெனியின் ஆள் அவன். கசங்காத சட்டை, கசங்காத சிரிப்பு.

“உன் நண்டு என் பொண்ணுக்கு இன்னா சொல்லிக் குடுக்குது?”

“வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“உக்கார வரல. அம்மான்னு எழுதுனா தவளைன்றா. அதுக்குக் கை தட்டலியான்னு என்னையே கேக்குறா.”

“தவளையா?” பிரசன்னாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அருமைங்க! அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு தப்பு இதுவரைக்கும் வந்ததே இல்ல. உங்க பொண்ணு எங்க கூடத்துலயே முதல் வரிசை, தெரியுமா?”

கஸ்தூரிக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. அவன் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் விளக்கினான். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றுகூட அவன் நினைக்கவில்லை.

“இன்னிக்கு எல்லாத்தையும் பொறிங்கதான் எழுதுது, பொறிங்கதான் படிக்குது. தப்பே விடாது. அதான் சிக்கல். மனுஷக் கண்ணு எங்க தடுக்கும், எங்க தாவும்னு அதுக்குப் புரியல. படிச்சவங்களக் கேட்டும் பிரயோசனம் இல்ல, அவங்க கண்ணு பழகிப்போச்சு. எழுத்து பிடிபட்டும் பிடிபடாம ஒரு வயசு இருக்கே, அந்த வயசுத் தப்பு தங்கம்ங்க. அதத்தான் எடுக்கறோம். பிழை அறுவடைன்னு பேரு.”

“அத எடுத்து இன்னா பண்ணுவீங்க?”

“விளம்பரம் எழுதறவங்க வாங்கறாங்க. ஒப்பந்தம் எழுதறவங்க வாங்கறாங்க. எந்த வார்த்தைய எப்படி வெச்சா கண்ணு நிக்காமத் தாண்டிப்போகும்னு அவங்களுக்குத் தெரியணும்ல?”

“அப்ப, சரியாப் படிச்சிட்ட புள்ள?”

“அதுகிட்ட எடுக்க ஒண்ணும் இல்லியே. நண்ட வேற புள்ளைக்கு மாத்திடுவோம்.”

“அதுக்காகப் புள்ளைங்களப் படிக்கவுடாம வெச்சிருக்கீங்க.”

“யாரு தடுத்தா? சரியாச் சொன்னா அடிக்கறோமா? புதுசாத் தப்பு சொன்னாக் கை தட்டறோம், அவ்வளவுதான். எழுத்து விளையாட்டுன்னுதான் சொன்னோம். கத்துக் குடுக்கறோம்னு எங்கயாவது சொன்னோமா?”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைக் கஸ்தூரி நிறையப் பார்த்திருக்கிறாள். கிள்ளியதையே தாலாட்டு என்று சொல்லிச் சிரிக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“உன் புள்ளைக்கு நண்டு குடுத்திருக்கியா?”

சிரிப்பு இப்போதுதான் சற்றுக் கசங்கியது. “நாங்க வேற ஏரியாங்க. அவனுக்குப் புஸ்தகம்தான். என் வொய்ஃப் மடியில வெச்சுப் படிச்சுக் காட்டுவா.”

“த்தூ! உன் புள்ளைக்கு மடி, எங்க புள்ளைக்கு நண்டா? வெக்கமா இல்ல?”

கூச்சல் கேட்டு வாசலில் நாலைந்து தாய்மார் கூடிவிட்டார்கள். பிரசன்னா அவர்களைப் பார்த்து, யாரையும் குறிப்பிடாமல், “கூடத்துக்குக் குளிர்ச்சி யாரு குடுக்கறாங்கன்னு யோசிச்சுப் பேசினா நல்லது” என்றான். உடனே பக்கத்து வீட்டு நாகம்மா உள்ளே புகுந்து கஸ்தூரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாய மூடுடி. ஏசிய நிறுத்திட்டான்னா என் கைக்கொழந்தைய நான் எங்கடி கொண்டுபோய் வெப்பேன்?”

நாகம்மாமீது கோபப்பட முடியாததுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. மகளை எழுத்துப்பாயிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியேறினாள். தேனு நண்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். நண்டு கொஞ்ச தூரம் துரத்தி வந்து, கதவருகே நின்று, வேறொரு பிள்ளையிடம் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து தேனுவும் பலகை வயலுக்கு வந்தாள். சாய்ந்து நிற்கும் பலகைகளின் நிழலில் கோணியை நனைத்துப் போட்டு உட்காரவைத்தாள் கஸ்தூரி. வேலைக்கு நடுவே ஓடிவந்து தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள். புட்டி மூடிகளில் எழுத்து எழுதிக் கொடுத்தாள், மணலில் எழுதிக் காட்டினாள். தேனு தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வேர்க்குரு வெடித்துப் புண்ணானதுதான் மிச்சம்.

ஒருநாள் உச்சிவெயிலில் இருவருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. புதிதாக வந்திருந்த தொட்டி ஒன்றைக் கண்டு, கஸ்தூரி புட்டியைக் குழாயடியில் பிடித்தாள்.

“அம்மா, அது வேணாம். குடிக்க உதவாது, பலகை கழுவும் நீர்னு போட்டிருக்கு.”

கஸ்தூரி நிமிர்ந்தாள். தொட்டியின் பக்கவாட்டில், மங்கிய எழுத்தில், அப்படியே இருந்தது. புட்டி கையிலிருந்து நழுவிவிட்டது.

“உனக்குப் படிக்கத் தெரியுமாடி?”

தேனு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மாவைக் குனியச்சொல்லிக் காதோடு பேசினாள். “நண்டுகிட்டச் சொல்லிடாதம்மா. ரோசி தெரியும்ல? அவ எல்லாத்தையும் சரியாச் சரியாச் சொன்னா. அவ நண்டு போயிடுச்சு. அவ ரொம்ப அழுதா.”

“அதனால?”

“அதனால ரோசிதான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா. தண்ணிக் கேன் பின்னாடி ஒக்காந்து, கட்டைய வெச்சு. தப்பாச் சொல்லணும்னா மொதல்ல சரி தெரியணும்மா. இல்லன்னா தெரியாமச் சரியாச் சொல்லிடுவோம்ல? அப்புறம் நண்டு போயிடும்.”

கஸ்தூரி அந்த நெருப்பு வெயிலில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரையே படிக்கிற பொறியைப் பால் பல் விழாத பிள்ளைகள் கூடிப் பேசி ஏமாற்றியிருக்கின்றன! தங்கம் தங்கம் என்று அவர்கள் அறுத்துக்கொண்டுபோனது அத்தனையும் பித்தளை. பிரசன்னாவின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல அவளுக்கு நாக்கு அரித்தது. சொன்னால் நாகம்மாவின் கைக்குழந்தைக்குக் குளிர்ச்சி போய்விடும். அடக்கிக்கொண்டாள். மகளை அணைத்து முத்தம் கொடுத்தாள். ஆசிரியர் பள்ளி கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

நுழைவு வாசிப்புக்குப் போகும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னாள். “அங்க நண்டு கிடையாது. இருக்கறத இருக்கறபடி படிக்கணும். சரியா?” தேனு தலையை ஆட்டினாள்.

பள்ளியில் அவளை அழைத்துக்கொண்ட ஆசிரியையின் பெயர் ஜெபசெல்வி. வந்ததும் புத்தகத்தை நீட்டவில்லை அந்த அம்மாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தேனுவோடு பூப்பறிக்க வருகிறோம் விளையாடினாள். தோற்றுப்போனவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு தேனுவைச் சிரிக்கவைத்தாள். வேர்க்குருப் புண்ணைத் தொட்டுப் பார்த்து, “எரியுதா கண்ணு?” என்று கேட்டாள். தேனு அவள் மடியில் சாய்ந்துகொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பதைக் கஸ்தூரி சுவரோரமாக நின்று பார்த்தாள்.

பிறகு ஆசிரியை பக்கத்தைத் திறந்தாள். சுவரில் பதித்திருந்த தேர்வுப்பொறியில் பச்சை விளக்கு எரிந்தது.

தேனுவின் கண்கள் முதல் வரியில் இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்தன. இரண்டாம் வரிக்கு இறங்கின. கடைசிவரை போய் நின்றன. அவள் படித்து முடித்துவிட்டாள் என்பது கஸ்தூரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. தேனு தலையைத் தூக்கி ஆசிரியையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாய்திறந்தாள்.

“தவளைக்கு மூக்குத்தி. மேகத்துக்குள்ள சைக்கிள் மணி. உப்புக்கு ஒரே வயித்துவலி.”

விளக்கு அணைந்தது.

“அவளுக்குத் தெரியும்!” கஸ்தூரி கத்திக்கொண்டு முன்னால் வந்தாள். “டீச்சர், அவ படிச்சிட்டா, நான் கண்ணால பாத்தேன்! தேனு, ஒழுங்காப் படிடி! டீச்சர், இன்னொரு வாட்டி கேளுங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன்!”

ஜெபசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மா, நானும் பாத்தேன். ஆனா முதல் வாசிப்ப மட்டுந்தான் இது எடுத்துக்கும். என் பேச்சு இங்க ஏறாது.”

கஸ்தூரி சுவரில் இருந்த பொறியைக் கையால் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். காவலாள் வந்து இருவரையும் வெளியே கொண்டுவந்து விட்டான். வாசற்கதவு சாத்திக்கொண்டது. தெருவில் நின்று கம்பெனியை ஏசினாள், பொறிகளை ஏசினாள், பிரசன்னாவின் வம்சத்தையே இழுத்து ஏசினாள். கேட்பதற்கு அங்கே ஓர் ஆளும் இல்லை. கடைசியில் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏண்டி? ஏண்டி இப்படிப் பண்ண? நண்டு இல்லன்னு சொன்னேன்ல?”

தேனுவுக்கு அம்மாவின் கோபம் விளங்கவில்லை. மூடிய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள்.

“எனக்கு அந்த டீச்சர ரொம்பப் புடிச்சிருக்கும்மா. நான் சரியாவே படிக்கல. அவங்க எங்கயும் போகமாட்டாங்க.”