நிலவில் ராகு காலம்

"ஏற்கவில்லை" என்றது பதிவகம். அழகம்மை மாற்றத்தை மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே பதில்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நிலவுக் குடியிருப்பில் வசிப்பவர்களின் பட்டியலான ஊர்ப்பக்கத்தில் பெயர் சேர்ப்பது அவளுடைய அன்றாட வேலை. மாற்றத்தை எழுதிப் பதிவகத்துக்கு அனுப்பினால் போதும். அங்கே காத்திருக்கும் கொக்கி என்னும் சிறு நிரல் அதைப் பிடித்து, பழைய பக்கத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிடும். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் காற்றுக்கதவு இயங்கும். அதில் உள்ள பெயர்களைவிட உள்ளே ஆள் குறைவாக இருந்தால் திறக்கும், இல்லையென்றால் திறக்காது.

இப்போது சேர்க்க வேண்டிய பெயர் சொக்கலிங்கம். அவள் கணவன். பூமியிலிருந்து வந்து, கதவுக்கு வெளியே ஊர்தியில் உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன அழகு, வாசல்லயே நிக்க வச்சுட்ட? ஆரத்தி கரைக்கிறியா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டான்.

"கொஞ்சம் பொறுங்க. இது என்னமோ பண்ணுது."

"பொறுத்துக்கலாம். ஆனா ஊர்தியில ஒரு நாளைக்குத்தான் காத்து இருக்கு."

கொக்கியை எழுதிய இருதயராஜை அழைத்தாள். அவன் வந்து திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ராகு காலம்க்கா."

"என்னது?"

"ராகு காலத்துல எதையும் ஏத்தக் கூடாதுன்னு போன வாரம் தலைவர் ஒரு விதி போடச் சொன்னார். பகலை எட்டாப் பிரிச்சு அதுல ஒரு பங்காம். எங்க வீட்டுல இதெல்லாம் பார்க்க மாட்டோம், அவர் சொன்னபடி போட்டுட்டேன்."

"ஒன்றரை மணி நேரம்தானேப்பா?"

"அது பூமியில. இங்க ஒரு பகலே பதினாலு நாள். எட்டுல ஒரு பங்குன்னா..." அவன் இழுத்தான். "ரெண்டு நாள் கிட்ட வரும். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப அந்த விதியை எடு!"

"எடுக்கிறதும் ஒரு மாற்றம்தானேக்கா? கொக்கி வழியாத்தான் அனுப்பணும். மனுஷக் கை படக் கூடாதுன்னு மத்த வழியெல்லாம் நாமதான் அடைச்சோம்."

அழகம்மை மாற்றத்தை இன்னொரு முறை அனுப்பிப் பார்த்தாள். ஏறவில்லை.

"காலையிலேர்ந்து எதுவுமே ஏறலையா?" என்றான் அவன்.

"செங்கோடன் ஐயா பேரை எடுக்கத்தான் அனுப்பினேன். அதையும்..." சட்டென்று நிறுத்தினாள்.

செங்கோடன் முந்தின நாள் இறந்துபோனவர். வெளியே கொண்டுபோய் அடக்கமும் செய்தாயிற்று. ஆனால் ஊர்ப்பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

"என்னங்க, கதவுப் பொத்தானை அமுக்குங்க!" என்று வெளியே இருந்த கணவனிடம் கத்தினாள்.

"பேரே ஏறலைன்னியே?"

"அமுக்குங்களேன்!"

கதவு திறந்தது. "வருக, செங்கோடன்" என்றது.

"யாரைடி கூப்பிடுது இது?"

"ஒண்ணும் பேசாம உள்ள வாங்க."

ராகு காலம் முடிந்ததும் இரண்டு மாற்றங்களையும் சேர்த்தே அனுப்பினாள். கொக்கி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. செங்கோடன் போனார், சொக்கலிங்கம் வந்தான்.

சேதி கேட்டுத் தலைவர் தாண்டவராயன் வியர்வையோடு ஓடிவந்தார்.

"அந்தப் பாழாப்போன விதியைத் தூக்கிடு இருதயம்! அடுத்த ஊர்தியில என் மக வர்றா."

"எல்லாம் தயாரா இருக்கு தலைவரே. அனுப்பிடட்டுமா?" இருதயராஜ் விரலைப் பொத்தான்மேல் வைத்தான்.

தாண்டவராயன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"இரு, இரு! இன்னிக்கு அஷ்டமியாச்சே!"