வளையும் கம்பும் கோணல் பாயும்

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமே புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். பெரியவர்கள் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழப்பத்தைக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் மாமா. அம்மாவின் தம்பி. பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்தத் தொழிற்சாலை கிளப்பில் ஒரு வின்ட்சர்ஃபிங் பலகை இருந்தது. எண்பத்தைந்தில் அது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. பலகையின் மேல் பாய்மரத்தை நட்டு, பாயைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். காற்று நம்மைக் கடலில் இழுத்துக்கொண்டு போகும்.

மாமாவை அது இழுத்துக்கொண்டு போகவில்லை. போன ஞாயிறு பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் ஏறினார், விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். பாய் பானை மாதிரி உப்பிக்கொண்டு அவரைத் தண்ணீரில் தள்ளியதாம். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். “அடுத்த ஞாயிறும் இப்படின்னா பலகைய வேற ஆளுக்குக் குடுத்திடுவோம்” என்று கிளப் தலைவர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமா என் சடையை இழுக்காமல் போகமாட்டார். அந்த வாரம் அதைக்கூட மறந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் பாயையும் பாய்மரத்தையும் ஒரு லோரியில் ஏற்றி, புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கினார்.

“அக்கா, பாயில ஏதோ கோளாறு. கொஞ்சம் பாரேன்.”

அம்மா துணி தைப்பவர். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருடைய ரவிக்கை அம்மா தைத்ததுதான்.

பாய் முக்கோணமாக இருந்தது. அதன் நீளமான ஓரத்தில் தலையணை உறை மாதிரி ஒரு உறை. மாமா அதற்குள் பாய்மரத்தை நுழைத்து, அடியில் இருந்த கயிற்றை இழுத்துக் கட்டினார். பாய்மரம் விறைப்பாக நின்றது. பாயிலோ ஓரம் முழுக்கச் சுருக்கம்.

“இன்னும் இழுடா” என்றார் அம்மா.

மாமா இழுத்தார். முகம்தான் சிவந்தது. சுருக்கம் போகவில்லை.

அடுத்த வீட்டுப் பரஞ்சோதி அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “தண்ணியில நனைச்சா சரியாயிடும் லா.”

நனைத்தார்கள். இப்போது ஈரமான சுருக்கம்.

“அப்ப இஸ்திரி போட்டுப் பாருங்க.”

“முதல்ல நனைக்கச் சொல்ற, அப்புறம் காய வைக்கச் சொல்ற. நீ வேலைக்குப் போ தம்பி” என்றார் அம்மா. பரஞ்சோதி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

அம்மா பாயைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் விரித்தார். நீண்ட ஓரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்துப் பார்த்தார். ஓரம் நேராக இல்லை. நடுவில் வெளியே புடைத்திருந்தது.

“கம்பு நேரா இருக்கு, துணி வளைஞ்சிருக்கு. எவனோ கோணலா வெட்டியிருக்கான். நேரா வெட்டித் தச்சுத் தர்றேன்.”

“கிளப்பு பாய் அக்கா. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது.”

“வெட்டலன்னா நாளைக்கும் விழுவ.”

மாமா பாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் என்னையும் பார்த்தார். “சரி, வெட்டு” என்றார்.

அம்மா சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். நான் குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தேன். கோணலாக வெட்டியிருந்தால் ஓரம் எப்படி எப்படியோ போயிருக்கும். இது ஒரே சீராக வளைந்திருந்தது. ரவிக்கைக்குக் கைக்குழி வெட்டும்போதும் அம்மாவின் கத்தரி இப்படித்தான் வளைந்து போகும்.

“அம்மா, கைக்குழிய ஏன் வளைச்சு வெட்டுறீங்க?”

“இப்ப அதுவா முக்கியம்? தோளு வளைஞ்சிருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டுறேன்.”

“அப்ப இதுவும் வளைஞ்ச எதுக்கோ தச்சதா இருக்கும்ல?”

கத்தரிக்கோல் பாதி திறந்தபடி நின்றது.

“ஆனா கம்பு நேராத்தானே இருக்கு, ஜேன்?” என்றார் மாமா.

“அதான் மாமா எனக்கும் புரியல.”

அப்போது அம்மா வீட்டின் பக்கமாகத் திரும்பிக் கத்தினார். “டேய் மரியராஜ், துணிக்கம்ப விட்டு எறங்குடா!”

மரியராஜ் என் தம்பி. துணி காயப்போடும் கம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பும் கிளப்பிலிருந்து வந்ததுதான். அங்கே இரண்டு பாய்மரங்கள் இருந்தன. ஒன்று கொஞ்சம் இழுத்தாலே வளைந்ததால், “இது ரோசாக், கெட்டுப்போச்சு” என்று மாமா அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஈரப் போர்வையைப் போட்டால் கம்பு நடுவில் தாழ்ந்து, போர்வை மண்ணில் புரளும். அம்மா அதைத் திட்டாத நாளே கிடையாது.

தம்பியின் கனத்தில் கம்பு அழகாக வளைந்திருந்தது. அவன் குதித்ததும் நேராகிவிட்டது. நான் கம்பைப் பார்த்தேன். பாயின் ஓரத்தைப் பார்த்தேன்.

“மரியராஜ், இன்னொரு தடவ தொங்கு.”

“தொங்காதடா” என்றார் அம்மா.

“தொங்கு!”

தம்பிக்கு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியவில்லை. கடைசியில் தனக்குப் பிடித்த பேச்சைக் கேட்டான். தொங்கினான். அதே வளைவு.

“அம்மா, சட்டைய சரியாத்தான் தச்சிருக்காங்க. ஆளுதான் வேற” என்றேன்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு காயப்போட்டிருந்த துணிகளை அள்ளி என் தோளில் போட்டார். மாமா கம்பைக் கழற்றி வந்து பாயின் உறைக்குள் நுழைத்தார். அடிக்கயிற்றை இழுத்தார். கம்பு மெல்ல வளைந்தது. வளைய வளைய, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாய் வழவழவென்று விரிந்து நின்றது.

“இதப் போயி ரோசாக்குன்னு நெனச்சேனே” என்றார் மாமா.

அம்மா கத்தரிக்கோலைத் தையல் மெஷினின் இழுப்பறையில் வைத்து மூடினார். ஈரத்துணியால் சுண்ணக்கோட்டைத் துடைத்தார்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் போனோம். மாமா ஏறினார். விழுந்தார். கூட்டாளிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். மாமா மறுபடி ஏறி, பாயைத் தூக்கிப் பிடித்தார். இந்த முறை பாய் உப்பவில்லை, அவரைத் தள்ளவும் இல்லை. பலகை அலையைக் கிழித்துக்கொண்டு போனது. சிரித்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கரைக்கு வந்ததும் மாமா நேராக என்னிடம் வந்து என் சடையைப் பிடித்து இழுத்தார். நன்றாக வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவின் ஈரத் துணியை அம்மா அந்த விறைப்பான கம்பில் காயப்போட்டார். பக்கத்திலேயே பெரிய போர்வையையும் போட்டார். கம்பு கொஞ்சமும் தாழவில்லை. போர்வையில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

“கம்புன்னா இது கம்பு” என்று அம்மா மாமாவிடம் சொன்னார். “கிளப்புல கேட்டா, ரோசாக்குன்னு சொல்லிடுடா.”